மோட்டார் மறைக்கும் தேய்மானம்: பழைய ஹைபிரிட் காரும் ஸ்பார்க் பிளக்கும்

இலங்கை வீதிகளில் ஓடும் ஹைபிரிட் கார்களில் பெருந்தொகையானவை இன்று பத்து வயதைத் தாண்டிவிட்டன. டொயோட்டா ப்ரியஸ், அக்குவா, ஹொண்டா ஃபிட், இன்சைட் என்று யப்பானிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய வண்டிகள் இவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில், காரை மாற்ற நினைத்திருந்த குடும்பங்களும் கையில் இருந்ததையே திருத்தி ஓட்டின. இதற்கிடையே 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாயைத் தொட்டது. பின்னர் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். குறைந்த பெற்றோலில் கூடிய தூரம் போகும் கார் எவ்வளவு பெரிய துணை என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

அப்படிப்பட்ட கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் பெற்றோல் குடிக்கத் தொடங்கினால், முதற் சந்தேகம் ஹைபிரிட் பற்றரியில் விழுகிறது. பற்றரி என்றதும் இலட்சக் கணக்கில் செலவு என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. பயத்தில் சிலர் காரை வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். சிலர் தேவையில்லாமல் பற்றரியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். எஞ்சின் தலையில் (ஹெட்) தனித்தனிக் குழிகளுக்குள் இருக்கும் ஸ்பார்க் பிளக்குகளை யாரும் நினைப்பதில்லை. அவை யப்பானில் பூட்டப்பட்டபடியே இன்னும் இருக்கலாம். சாதாரண காரில் பிளக் தேய்ந்தால் ஓட்டுபவருக்கு உடனே உறைக்கும். ஹைபிரிட் காரில் உறைக்காது. அதன் மின்மோட்டார் அந்தத் தளர்ச்சியை மூடி மறைத்துவிடும். ஹைபிரிட் கார் வைத்திருப்போர் அறிந்திருக்க வேண்டிய முக்கியமான சங்கதி இது.

பொறி எப்படிப் பிறக்கிறது

சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோல் ஆவியும் கலந்த கலவையைப் பிஸ்ரன் மேல்நோக்கி நெருக்குகிறது. அது உச்சியை அடைவதற்குச் சற்று முன்பாக, பிளக்கின் இரு மின்வாய்களுக்கு இடையே பொறி பாய வேண்டும். இந்தக் கார்களில் பலவற்றில் அந்த இடைவெளி ஏறத்தாழ 1.1 மில்லிமீற்றர். வாயு மின்சாரத்தைக் கடத்தாது. அதை உடைத்துக்கொண்டு மின் பாயப் பல்லாயிரம் வோல்ற்று வேண்டும். ஆனால் பொறிக்கு மின் கொடுப்பது 12 வோல்ற்றுத் துணைப் பற்றரிதான். காரை உருட்டும் பெரிய பற்றரிக்கும் பொறிக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

12 வோல்ற்றைப் பல்லாயிரம் ஆக்குவது, ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் செருகப்பட்டிருக்கும் கொயில். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. தடித்த சுருளில் மின் ஓடி, காந்தப்புலம் ஒன்று உருவாகிறது. எஞ்சினின் கணினி அந்த மின்னைச் சட்டென்று துண்டிக்கிறது. காந்தப்புலம் சரியும் வேகத்தில், பல்லாயிரம் சுற்றுள்ள மெல்லிய சுருளில் உயர்ந்த வோல்ற்றளவு எழுகிறது. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கொயில் எப்போதும் ஒரே அளவு வோல்ற்றைத் தருவதில்லை. இடைவெளியில் உள்ள வாயு உடையும் வரை வோல்ற்றளவு ஏறிக்கொண்டே போகும். உடைந்த கணமே ஏற்றம் நின்றுவிடும். எவ்வளவு வோல்ற்று வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பிளக்கும் சிலிண்டரின் நிலையும்.

இதற்கான விதியை 1889இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் கண்டறிந்தார். வாயுவை உடைக்கத் தேவையான வோல்ற்றளவு, வாயுவின் அமுக்கத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கினால் வரும் அளவைப் பொறுத்தது. எஞ்சினுக்குள் உள்ள நிலைமைகளில் அமுக்கம் கூடினாலும் வோல்ற்று கூட வேண்டும், இடைவெளி அகன்றாலும் கூட வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கூடினால் கொயிலின் பாடு திண்டாட்டம்தான்.

கூர் மழுங்கும்போது

பொறி பாயும் ஒவ்வொரு முறையும் மின்வாயின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் உருகியும் ஆவியாகியும் போகிறது. சிலிண்டரின் வெப்பத்தில் ஒட்சிசனும் உலோகத்தை அரிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 முறை சுழன்றால் ஒரு பிளக்கில் 750 பொறிகள். ஒரு மணி நேரத்தில் 45,000. கார் சராசரி 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி, அதில் பாதி நேரம் எஞ்சினும் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 100,000 கிலோமீற்றரில் ஒவ்வொரு பிளக்கும் ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பொறிகளைக் கண்டிருக்கும்.

இந்தத் தேய்மானத்தின் விளைவுகள் இரண்டு. முதலாவது, இடைவெளி அகலுகிறது. இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படாதது: கூர் மழுங்குகிறது. கூரான முனையில் மின்புலம் செறிந்து நிற்கும் என்பதால் பொறி அங்கிருந்து எளிதாகக் கிளம்பும். முனை உருண்டுபோனால் அந்தச் செறிவு கலைந்துவிடும். ஆகவே இடைவெளி சற்றே அகன்ற பழைய பிளக், அந்த அகலத்தைக் கொண்டு நாம் கணிப்பதைவிடக் கூடுதலான வோல்ற்றைக் கேட்கும்.

இதனால்தான் இந்தக் கார்களின் பிளக் நுனியில் இரிடியம் என்ற உலோகம் வைக்கப்படுகிறது. நிக்கலின் உருகுநிலை 1,455 பாகை செல்சியஸ், பிளாற்றினத்தினது 1,768. இரிடியம் உருக 2,446 பாகை வேண்டும். அரிப்பைத் தாங்குவதால் நுனியை 0.4 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை மெல்லியதாக வைக்க முடிகிறது. மெல்லிய நுனியில் மின்புலம் நன்றாகச் செறியும். அதோடு, புதிதாகப் பிறக்கும் சுடரின் வெப்பத்தைக் குளிர்ந்த உலோகம் உறிஞ்சிக்கொள்வதும் குறையும். பொறி பாய்ந்தால் மட்டும் போதாது. அது ஏற்றும் மிகச் சிறிய சுடர் அணையாமல் வளர்ந்து சிலிண்டர் முழுவதும் பரவ வேண்டும். மெல்லிய நுனி அதற்கு வழிவிடுகிறது. சாதாரண நிக்கல் பிளக்கைவிட இரிடியம் பிளக் பல மடங்கு காலம் உழைக்கும் என்றாலும், அதற்கும் ஆயுள் முடிவு உண்டு. 100,000 கிலோமீற்றர் என்பது இத்தகைய பிளக்குகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் அளவு. சில சந்தைகளில் ப்ரியஸுக்கு அதைவிட நீண்ட இடைவெளியும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஹைபிரிட் எஞ்சினின் தனி வாழ்க்கை

எஞ்சின் அடிக்கடி ஓய்ந்திருப்பதால் ஹைபிரிட் காரில் பிளக் கூடுதல் தூரம் வரும் என்று பலர் சொல்வார்கள். ஒரு பகுதி உண்மைதான். சிக்னலில் நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் பொறி இல்லை, தேய்மானமும் இல்லை. ஆனால் எஞ்சின் ஓடும் நேரத்தில் அதன் வேலை இலகுவானதல்ல. ஹைபிரிட்டின் கணினி எஞ்சினைக் குறைந்த சுழற்சியிலும் கூடிய சுமையிலும் ஓட்ட விரும்பும், பெற்றோல் சிக்கனம் அங்கேதான் கிடைக்கிறது என்பதால். கூடிய சுமை என்றால் சிலிண்டரில் கூடிய அமுக்கம். பாஷனின் விதிப்படி அதற்குக் கூடிய வோல்ற்று வேண்டும். 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை ப்ரியஸின் 1.8 லீற்றர் எஞ்சினில், எரிந்த புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்துத் திரும்பவும் உள்ளே விடும் அமைப்பு இருக்கிறது. அது சிக்கனத்துக்கு நல்லது, ஆனால் அப்படி நீர்த்துப்போன கலவை எளிதில் பற்றாது. பலமான பொறி தேவைப்படும் எஞ்சின் அது.

மறுபக்கம், பிளக்கின் வெண்ணிறச் சுட்டமண் காவலியின் மூக்கு ஏறத்தாழ 450 பாகையைத் தாண்டினால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 பாகையை வெகுவாகத் தாண்டினால், பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து வரும். கொழும்பு நெரிசலில் பாடசாலைக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் காரில் எஞ்சின் சிறிது ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். மூக்கு நன்றாகச் சூடேறும் முன்பே ஓய்ந்துவிடும் தருணங்கள் பல. கரி மின்சாரத்தைக் கடத்தும். அது படிந்தால் மின் இடைவெளியைத் தாண்டாமல், காவலியின் மேலால் கசிந்து போய்விடும். ஆகவே குறைந்த தூரமே ஓடிய காரின் பிளக் புதிதாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

இரட்டை மாட்டு வண்டி

இரண்டு மாடுகள் பூட்டிய வண்டியில் ஒன்று சோர்ந்தால் மற்றது இழுத்துக்கொண்டு போகும்; வண்டியில் இருப்பவருக்கு வண்டி ஓடுவது மட்டுமே தெரியும். ஹைபிரிட் காரில் நடப்பது இதுவே. அக்குவாவின் எஞ்சின் தரக்கூடிய உச்ச வலு 54 கிலோவாற்று. அதன் மின்மோட்டாரோ 45 கிலோவாற்று. ஒரு சிலிண்டர் அவ்வப்போது பற்றாமல் போனால் சக்கரத்தில் விழும் குறையை மோட்டார் உடனே நிரப்பிவிடும். கணினி எஞ்சினைச் சற்றுக் கூடுதல் நேரம் ஓட வைக்கும். ஓட்டுபவர் காலில் உணரும் வித்தியாசம் எதுவும் இராது.

ஸ்டார்ட் செய்யும்போதும் அப்படித்தான். சாதாரண காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சில நூறு சுற்று வேகத்திலேயே சுழற்றும். பிளக் தளர்ந்திருந்தால் காலையில் எஞ்சின் இழுத்து இழுத்துத்தான் பிடிக்கும். அதுவே ஒரு எச்சரிக்கை. ப்ரியஸிலும் அக்குவாவிலும் தனி ஸ்டார்ட்டர் கிடையாது. பெரிய மின்னியக்கி ஒன்று எஞ்சினை ஏறத்தாழ 1,000 சுற்றுக்குக் கொண்டுபோன பிறகே பெற்றோலும் பொறியும் சேரும். தளர்ந்த பிளக்கும் அங்கே சிரமமில்லாமல் பற்றிவிடும். ஹொண்டாவின் பழைய முறையில் மோட்டார் சிறியது, ஃபிட்டில் 10 கிலோவாற்று அளவுதான். அதனால் மறைப்பும் குறைவு.

கணினி இதைக் கவனிக்காமல் இல்லை. எஞ்சினின் சுழல்தண்டு எங்கே கணநேரம் தயங்குகிறது என்பதை உணரி பார்த்துக்கொண்டே இருக்கும். தயக்கங்களின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால்தான் எஞ்சின் விளக்கை எரிய வைக்கும். ஸ்கேனரில் பி0300 தொடக்கம் பி0304 வரையான குறியீடுகள் அப்போதுதான் தெரியும். வரம்புக்குக் கீழே எத்தனையோ மாதங்கள் பெற்றோல் வீணாகலாம்.

வீணாவது பெற்றோல் மட்டுமல்ல. பற்றாமல் போன கலவை அப்படியே புகைக்குழாய்க்குள் போய், புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டருக்குள் எரிகிறது. அதன் உள்ளே தேன்கூட்டு வடிவில் இருக்கும் சுட்டமண், அளவுக்கு மீறிய வெப்பத்தில் உருகி அடைபட்டுவிடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அந்த ஆபத்து நெருங்கிவிட்டது என்று அர்த்தம். காரை உடனே ஓரமாக நிறுத்த வேண்டும். கொயிலுக்கும் கேடு வரும். தேய்ந்த பிளக் கேட்கும் கூடிய வோல்ற்றைக் கொடுத்துக் கொடுத்து அதன் காவல் பூச்சு பழுதடையும். நேரத்துக்கு மாற்றாத பிளக்கின் செலவு கடைசியில் கொயிலிலும் கொன்வேர்ட்டரிலும் போய் நிற்கும்.

கழற்றிய பிளக் சொல்வது

பிளக் மாற்றுவதில் இன்னுமொரு நன்மை உண்டு: ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க முடிகிறது. கழற்றும் பிளக்குகளை 1, 2, 3, 4 என்று எழுதிய தாளில் வரிசையாக வைக்க வேண்டும். மூக்கு இளஞ்சாம்பல் அல்லது வெளிர் மண்ணிறமாக இருந்தால் எரிதல் சரி. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெற்றோல் மிகை அல்லது போதாத சூடு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்ரன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வெள்ளை வெளேரென்று கொப்பளித்திருந்தால் அளவு மீறிய வெப்பம்.

நான்கில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவி எடுத்ததைப் போலப் பளிச்சென்று இருந்தால் விசேட கவனம் வேண்டும். அந்தச் சிலிண்டருக்குள் குளிர்நீர் கசிகிறது என்பதற்கான அடையாளம் அது. மூன்றாம் தலைமுறை ப்ரியஸில், எஞ்சின் தலைக்குக் கீழுள்ள அடைப்பான ஹெட் காஸ்கெட் பழுதாவது பரவலாக அறியப்பட்டது. நெடுநேரம் நின்ற கார், காலையில் எஞ்சின் ஏறும்போது சில வினாடிகள் உலுக்குவது அதன் முதற் குறி. அதே உலுக்கல் தளர்ந்த பிளக்காலும் வரலாம். புகையைத் திருப்பி விடும் குழாய் கரியால் அடைபட்டாலும் வரலாம். பிளக்கை மாற்றியும் உலுக்கல் நிற்கவில்லை என்றால் கழற்றிய பழைய பிளக்கே அடுத்த தேடலுக்கு வழி காட்டும். அதை அவசரப்பட்டு எறிந்துவிடக் கூடாது.

வெள்ளைக் காவலியின் வெளிப்புறத்தில், உலோக உடலை ஒட்டிப் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். சிலிண்டர் வாயு கசிகிறது என்று பலர் நினைத்துக் கலங்குவார்கள். அது கசிவல்ல. உயர் மின்புலம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்துப் படியவைத்த கறை அது, கெடுதல் இல்லாதது.

மாற்றும் வேலை

முதல் விதி: கார் முற்றாக அணைந்திருக்க வேண்டும். 'ரெடி' விளக்கு எரியும் ஹைபிரிட், சத்தமில்லாமல் நிற்பது போலத் தெரிந்தாலும் எந்தக் கணத்திலும் எஞ்சினைத் தானாக ஸ்டார்ட் செய்யும். அணைத்துவிட்டு ஸ்மார்ட் சாவியைத் தூரத்தில் வைத்து, 12 வோல்ற்றுப் பற்றரியின் மறைமுனையைக் கழற்றிவிடுவது பத்திரம். ப்ரியஸில் அந்தப் பற்றரி காரின் பின்புறத்திலும் அக்குவாவில் பின்னிருக்கையின் கீழும் இருக்கிறது. செம்மஞ்சள் உறை போட்ட கம்பிகள் உயர் வோல்ற்றுக்கானவை. பிளக் வேலைக்கு அவற்றைத் தொடத் தேவையே இல்லை.

இரண்டாவது, எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கின் உடல் உருக்கு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினிய மரை எளிதில் பிய்ந்துவிடும். சூட்டோடு புதியதைப் பூட்டினால், ஆறும்போது அலுமினியம் உருக்கைவிடக் கூடுதலாகச் சுருங்கிப் பிளக்கைக் கவ்விப் பிடிக்கும்.

ப்ரியஸில் எஞ்சினின் பெரும்பகுதி முன் கண்ணாடிக்குக் கீழே ஒளிந்திருப்பதால், வைப்பர் கைகளையும் அவற்றின் கீழுள்ள பிளாஸ்ரிக் மூடியையும் கழற்றினால்தான் கை தாராளமாகப் போகும். இங்கேதான் காரின் வயது தெரியும். பத்துப் பதினைந்து வருடச் சூட்டில் கொயில் கனெக்ரர்களின் பூட்டு நாக்கு முறுகிப்போயிருக்கும். அமர்த்தாமல் இழுத்தால் முறிந்துவிடும். பத்தாம் இலக்க போல்ட்டைக் கழற்றி, கொயிலை இலேசாகத் திருப்பியபடி மேலே இழுக்க வேண்டும். அதன் இறப்பர் காலில் வெண்சாம்பல் கோடு ஓடியிருந்தால் மின் வெளியே தாவியிருக்கிறது. குழிக்குள் எண்ணெய் நின்றால் மேல்மூடியின் சீல் போய்விட்டது. பிளக்கைத் தளர்த்தும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தமாக்காவிட்டால், அதிலுள்ள மண் நேரே சிலிண்டருக்குள் விழும்.

பிறகு பிளக்குக்குப் பொருந்தும் அளவான சொக்கெற்றும் நீட்டுத்தண்டும் வேண்டும். இறுகிக் கிடக்கும் பிளக்கை ஒரே மூச்சில் திருகாமல், கால் சுற்றுத் தளர்த்தி, சிறிது திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுக்க வேண்டும். புதியதைக் குழிக்குள் விடும்போது கையாலேயே பல சுற்று ஏற்ற வேண்டும். சற்றே தடுத்தாலும் வெளியே எடுத்து மறுபடி தொடங்க வேண்டும். கோணலாக மரை ஏறினால் ஹெட்டையே கழற்ற நேரிடும். கடைசி இறுக்கம் டோர்க் ரென்ஞ்சினால்தான். இரண்டாம் தலைமுறை ப்ரியஸுக்கு அது 18 நியூற்றன் மீற்றர், கை நினைப்பதைவிட மிகக் குறைவு. மரையில் கிரீஸ் பூசினால் உராய்வு குறைந்து, அதே அளவில் பிளக் அளவு மீறி இறுகிவிடும். அரிப்பைத் தடுக்கும் பூச்சு பிளக்கில் ஏற்கெனவே உண்டு. இரிடியம் நுனியை நெம்பி இடைவெளி சரிசெய்வதும் கூடாது. நுனி எளிதில் நொறுங்கிவிடும்.

ஹொண்டா இன்சைட்டும் பழைய ஃபிட் ஹைபிரிட்டும் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. அவற்றின் 1.3 லீற்றர் எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. பின்வரிசைக்குக் கை போவது சிரமம் என்பதால் முன்வரிசை நான்கை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் வழக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். எட்டையும் கழற்றிக் காட்டச் சொல்லிக் கேட்பது உரிமையாளரின் உரிமை.

வாங்கும் இடமும் முக்கியம். டென்சோ, என்ஜிகே பெயர்களில் போலிப் பிளக்குகள் உலகெங்கும் சந்தையில் இருக்கின்றன. நம்ப முடியாத மலிவு விலை, மங்கிய அச்சு, தடித்த நுனி ஆகியவை சந்தேகத்துக்கு உரியவை. பிளக்கின் மேல் உள்ள எழுத்துகளைப் படிக்கப் பழகுவதும் நல்லது. எஸ்கே16ஆர்11 என்ற டென்சோ பிளக்கில் 16 என்பது வெப்பத்தைக் கடத்தும் தரம். 'ஆர்' என்றால் உள்ளே மின்தடை உண்டு. 11 என்பது 1.1 மில்லிமீற்றர் இடைவெளி. அந்த மின்தடை இல்லாத பிளக்கைப் பூட்டினால், பொறியின் மின்காந்த இரைச்சல் ஹைபிரிட்டின் கணினிகளையே குழப்பக்கூடும்.

யப்பானிலிருந்து வந்த காரின் முந்தைய வரலாறு நம் கையில் இல்லை. கிலோமீற்றர் மானி பின்னோக்கித் திருப்பப்பட்ட வண்டிகளும் சந்தையில் உண்டு. ஆகவே பிளக் எப்போது மாற்றப்பட்டது என்று உறுதியாகத் தெரியாவிட்டால், ஒன்றைக் கழற்றிப் பார்ப்பதே நேரான வழி. மாற்றியவுடன் திகதியையும் கிலோமீற்றரையும் பொனெற்றின் உட்புறம் எழுதி ஒட்டிவிட்டால், அடுத்து அந்தக் காரை வாங்குபவருக்கும் அது உதவும்.

செருகி மின்னேற்ற முடியாத ஹைபிரிட் காரில், பற்றரியில் சேரும் சக்தி முழுவதும் பெற்றோலிலிருந்து வந்ததே. பிரேக் பிடிக்கும்போது மீட்கப்படுவதும், முன்பு பெற்றோல் கொடுத்த வேகத்தின் ஒரு பகுதிதான். மேடு பள்ளமான நிலத்தில் இறக்கத்தில் கிடைப்பதும், ஏற்றத்தில் எரித்த பெற்றோலின் மீதி. காரின் அத்தனை சக்தியும் பிளக்குகளின் அந்தச் சிறிய இடைவெளிகளில் பற்றும் நெருப்பிலிருந்தே புறப்படுகிறது. பெற்றோல் செலவு கூடினால் பற்றரியைக் குற்றம் சொல்லும் முன் அங்கே பாருங்கள். சரி செய்ய மிகக் குறைந்த செலவாகும் இடம் அது. கவனிக்காமல் விட்டால் மிகக் கூடிய செலவை இழுத்துவருவதும் அதுவே.